சிரித்துப் படிக்கட்டும், திரும்பி வரட்டும்!

கொழும்புப் புதுக்கடையிலே, 1874 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சட்டக் கல்லூரியின் பரீட்சைக் காலம் சட்டப் பட்டதாரியையும் நடுங்க வைக்கும் காலம். பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் வேறு; சட்டத்தரணியாகச் சத்தியம் செய்யத் தகுதி தரும் பரீட்சை வேறு. ஆயினும் அந்த நடுக்கத்தினிடையே சிரிப்பொலியும் கேட்கின்றது. ஒரு காணியைப் பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆண்டவனுக்கு ஆட்சியுரிமை உண்டென்பது 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். "இன்னும் இரண்டு தடவை தவறினால் பரீட்சை மண்டபத்து வாங்கு நமக்கே சொந்தம்" என்பது அதைப் படித்தவனின் பகிடி.

இதைக் கேட்டுப் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். பெற்றோர் வயலை ஈடுவைத்துப் படிப்பிக்கப் பிள்ளைகளுக்கு விளையாட்டா என்பது அவர்கள் கேள்வி. நாம் அவர்களோடு உடன்படோம். ஈச்சிலம்பற்றுக் கமக்காரனைப் பாருங்கள். வெருகல் ஆறு பெருகி விளைந்த கதிரை மூழ்கடித்தால், "இந்தப் போகம் ஆற்றுக்குக் குத்தகை" என்று சொல்லிச் சிரிப்பான். மறுபோகம் விதைநெல்லோடு வயலில் நிற்பான். துன்பத்தைப் பார்த்துச் சிரிப்பவன் துன்பத்தை அற்பமாக எண்ணுபவன் அல்லன். அதற்குப் பணிய மறுப்பவன். தந்தைக்கு வரம்பிலே தகுவது மகளுக்குப் பரீட்சை மண்டபத்திலே தகாதோ?

காந்தியடிகள் இலண்டனிலே பாரிஸ்டர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், குறித்த எண்ணிக்கையான விருந்துகளில் கலந்துகொள்வதும் தகுதிகளுள் ஒன்றாக இருந்தது. உண்பதற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பென்று அவரே பின்னாளில் சுவைபட எழுதினார். 1891 ஜூன் மாதம் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பியவர், பம்பாயில் எடுத்த முதல் வழக்கிலேயே நா எழாமல் அமர்ந்துவிட்டார். அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அதே காந்தியடிகள் உரோமச் சட்டத்தை இலத்தீன் மூலத்திலேயே வருந்திக் கற்றவர்; அந்தக் கல்வி, உரோம-டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில் அவருக்குக் கைகொடுத்தது. சிரிப்பும் உழைப்பும் பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதே உரோம-டச்சுச் சட்டம்தான் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உடைமையாக நம் நாட்டிலும் நிற்கின்றது. ஒருவனுடைய மாடு அயலானின் பயிரை மேய்ந்தால் நட்டஈடு கேட்கும் வழக்குக்கு அச்சட்டத்திலே 'அக்தியோ தெ பாஸ்து' என்று பெயர். கொழும்பிலே அறையெடுத்துப் படிக்கும் கமக்காரன் மகள் அந்தப் பெயரை நள்ளிரவில் உருப்போடுகின்றாள். அதே நள்ளிரவில் அவளுடைய தந்தை ஈச்சிலம்பற்றிலே தீப்பந்தத்தோடு வயலில் மாடு விரட்டுகின்றார். வேடிக்கைதான். ஆனால் அந்த இலத்தீன் பெயருக்கும் அந்த வயலுக்கும் இடையே பாலம் போடவேண்டியவள் அவளேயன்றி வேறு யார்?

இங்கேதான் சிரிப்பு அடங்கிச் சிந்தனை பிறக்கின்றது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்தவேண்டுமென 2020 டிசம்பரில் வர்த்தமானி விதிகள் வெளிவந்தன. நல்லவேளையாக, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவ்விதிகளை நிராகரித்தது. ஆங்கிலம் கற்கவேண்டாமென நாம் சொல்லவில்லை. மேல்நீதிமன்றங்களில் வாதாட அது வேண்டும். ஆனால் 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம் வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களுக்குத் தமிழையே மொழியாக்கிற்று. தமிழிலே வழக்கு நடக்கும் மூதூர் நீதிமன்றத்துக்கு வரவேண்டியவரைத் தமிழிலே பரீட்சை எழுதாதே என்பது, ஏர் பூட்டப் போகிறவனைக் கப்பலோட்டும் பரீட்சையில் தேறிவா என்பதை ஒக்கும்.

ஈச்சிலம்பற்றுக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2006 இல் போர் துரத்த இவ்வூர் மக்கள் வீடுவாசல் விட்டோடினர். போரினால் காணியைவிட்டு அகன்றோர்மீது பத்தாண்டுக் கணக்கு ஓடாதிருக்க, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை விலக்கிவைக்கும் சிறப்புச் சட்டம் 2016 இலே இயற்றப்பட்டது. அச்சட்டம் வந்த செய்தி எத்தனை வயல்களுக்கு எட்டியது? எட்டச் செய்ய ஊருக்கு ஒரு சட்டத்தரணி இருந்தாரா? பரீட்சை மண்டபத்து வாங்கைப் பற்றிய பகிடி சிரிப்புக்குரியது. அதே பத்தாண்டுக் கணக்கில் உழுதவன் காணி பறிபோவது சிரிப்புக்குரியதன்று.

ஆதலின் பெற்றோரே, பிள்ளைகளின் பகிடியைக் கடிந்துகொள்ளாதீர். மூத்த சட்டத்தரணிகளே, தமிழில் நல்ல சட்ட நூல்களும் தீர்ப்புத் திரட்டுகளும் எழுதித் தாருங்கள். தமிழ்மொழி மூலம் எழுதுவோரின் சுமையிற் பாதி குறையும். பரீட்சைக்கு நிற்கும் இளைஞரே, யுவதிகளே, வயிறு நோகச் சிரியுங்கள், விடிய விடியப் படியுங்கள், சித்தியெய்துங்கள். கறுப்பு அங்கி அணிந்தபின் மாதம் ஒருநாளேனும் ஈச்சிலம்பற்றுக்கு வந்து, கமக்காரனின் காணி உறுதியைக் கையிலெடுத்து வாசித்துப் பொருள் சொல்லுங்கள். அந்தப் பரீட்சைக்குப் புள்ளியிடுவோர் கொழும்பில் இல்லை. வயல் வரம்பிலே காத்திருக்கின்றனர்.