ஆண்டுக்கு ஒரு புது போன்: கேமராவுக்காகக் காசைக் கொட்டலாமா?

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே முக்கடல் சங்கமத்தில் கூட்டம் நிரம்பிவிடும். கிழக்கே வானம் சிவந்ததும் எல்லாக் கைகளும் உயரும். கும்பிடுகிற கைகளைவிட போன் பிடித்த கைகள்தான் அதிகம்.

போன மாதம் அந்தக் கூட்டத்தில் என் சித்தி மகனோடு நானும் நின்றேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறான். மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். தன்னுடைய மூன்று வருட போனில் நாலைந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எக்கா, எனக்க போன்ல சூரியன் ஒரு பொட்டு மாதிரிதான் விழுது. புது மாடல் வந்திருக்கு. எக்ஸ்சேஞ்ச் போக அறுபதாயிரம். மாசம் ரெண்டாயிரத்தி ஐந்நூறு வச்சு கட்டினா ரெண்டு வருஷத்துல முடிஞ்சிரும். எடுக்கட்டா?"

"உனக்க போனுக்கு இப்ப என்னடே கேடு?"

"கேடு ஒண்ணும் இல்ல. ஆனா கேமரா பழசுல்லா."

கேடு ஒன்றும் இல்லை, ஆனால் பழசு. ஒவ்வோர் ஆண்டும் புது மாடல் அறிமுக விழாக்கள் நம் மனதில் விதைக்கப் பார்ப்பது இந்த எண்ணத்தைத்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பெரும்பாலானோருக்கு வருடா வருடம் போன் மாற்றுவது வீண் செலவு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சூரியன் ஏன் பொட்டாக விழுகிறது?

இதில் போனின் வயதுக்குப் பெரிய பங்கில்லை. தரையிலிருந்து பார்க்கும்போது சூரியனின் அகலம் வானத்தில் சுமார் அரை டிகிரிதான். போனின் முதன்மை கேமராவோ ஒரே பார்வையில் சுமார் 70 டிகிரி அகலத்தை உள்ளே இழுக்கிறது. அப்படியானால் படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட சூரியனுக்குக் கிடைக்காது. பொட்டாகத்தான் விழும்.

சூரியன் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஆப்டிகல் ஜூம் லென்ஸ் வேண்டும். அது உள்ள போன், இல்லாத போன் என்பதுதான் இங்கே வித்தியாசம். போன வருட மாடலா, இந்த வருட மாடலா என்பது அல்ல. ஜூம் லென்ஸ் இல்லாத புது போனை வாங்கினாலும் அதே பொட்டுதான்.

ஒரே வருடத்தில் என்னதான் மாறுகிறது?

ஓர் உதாரணம். சாம்சங் கேலக்ஸி எஸ்22 வந்தது 2022-ல். அதன் பின்பக்க கேமராக்கள்: 50 மெகாபிக்சல் முதன்மை, 12 மெகாபிக்சல் அல்ட்ரா வைடு, 10 மெகாபிக்சல் 3 மடங்கு ஜூம். பிறகு எஸ்23, எஸ்24, 2025-ல் எஸ்25 வந்தன. இந்த வரிசையின் அடிப்படை மாடல்களில் பின்பக்கக் கேமரா எண்கள் அப்படியே இருக்கின்றன: 50, 12, 10. சிப் மாறியது, மென்பொருள் மாறியது.

ஆப்பிளும் விதிவிலக்கல்ல. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ் தொடங்கி 2021-ன் ஐபோன் 13 வரை முதன்மை கேமரா 12 மெகாபிக்சல்தான். 2022-ல் வந்த சாதாரண ஐபோன் 14-ல் இருந்த ஏ15 சிப், அதற்கு முந்தைய ஐபோன் 13 வரிசையில் ஏற்கெனவே வந்ததுதான்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள பெட்டிக்குள் சென்சாரையும் லென்ஸையும் எவ்வளவுதான் பெரிதாக்க முடியும்? அந்த எல்லைக்குள் முன்னேற்றம் மெதுவாகத்தான் நடக்கும். ஐந்து வருடப் பழைய போனையும் இன்றைய போனையும் அருகருகே வைத்தால், குறிப்பாக இரவுப் படங்களில், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடுத்தடுத்த இரண்டு மாடல்களை வைத்தால் பூதக்கண்ணாடி வேண்டும்.

சரி, 200 மெகாபிக்சல் என்கிறார்களே? வழக்கமான பயன்பாட்டில் அந்தச் சென்சார் 16 பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் சென்சாரும் நான்கை ஒன்றாக்கி அதே 12.5-க்குத்தான் வந்து நிற்கும். தவறு ஒன்றும் இல்லை, குறைந்த வெளிச்சத்தில் இது நல்ல உத்தி. ஆனால் பெட்டிமேல் உள்ள எண்ணைப் பார்த்து நான்கு மடங்கு நல்ல படம் வரும் என்று நினைக்கக் கூடாது.

அந்தப் படம் எங்கே போய்ச் சேருகிறது?

தம்பி எடுத்த படம் அன்று காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுமார் 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். எச்டி தரத்தில் அனுப்பும் வசதி 2023 ஆகஸ்டில்தான் வந்தது. அதைத் தேடிப் பிடித்து அழுத்துகிறவர்கள் எத்தனை பேர்?

பார்க்கிறவர் வைத்திருக்கும் போனின் திரையும் பெரும்பாலும் இரண்டரை மெகாபிக்சல்தான். 4கே டிவிக்கே 8 மெகாபிக்சல் போதும். 12 மெகாபிக்சல் படத்தை 13-க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சடித்துச் சுவரில் மாட்டலாம். நாம் கடைசியாக ஒரு படத்தை பிரிண்ட் போட்டது எப்போது?

நிலாவும் ஏஐ-யும்

சித்ரா பௌர்ணமி அன்று குமரியில் ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்கும், மறுபக்கம் நிலா கடலிலிருந்து எழும். அன்று எடுத்த நிலாப் படங்களைப் பார்த்து, "என்னா கிளியரு!" என்று வியந்திருப்பீர்கள். 2023 மார்ச்சில் ரெடிட் தளத்தில் ஒருவர் ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனில் ஜூம் செய்து எடுத்தார். மூலப் படத்தில் இல்லாத நுணுக்கங்கள் போன் எடுத்த படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு ஏஐ மூலம் விவரங்களைக் கூட்டும் தொழில்நுட்பம் இருப்பதாக நிறுவனமும் விளக்கம் தந்தது.

ஆக, புது கேமரா என்று நாம் காசு கொடுப்பதில் பெரும்பங்கு மென்பொருள். மென்பொருளில் ஒரு நல்ல விஷயம் உண்டு: அது பழைய போனுக்கும் வரலாம். இருட்டில் படமெடுக்கும் 'நைட் சைட்' வசதியை கூகுள் 2018 நவம்பரில் வெளியிட்டபோது, 2016-ல் விற்ற முதல் பிக்சல் போனுக்கும் சேர்த்தே கொடுத்தது. 2024 ஜனவரியில் எஸ்24-உடன் வந்த 'கேலக்ஸி ஏஐ' வசதிகள் பலவும் சில வாரங்களில் எஸ்23-க்கும் வந்துவிட்டன. அவசரப்பட்டு மாற்றியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. பயனரை நன்கு புரிந்துகொண்டு பதில் சொல்லும் புதிய 'சிரி' வரும் என்று ஆப்பிள் 2024 ஜூனில் அறிவித்தது. ஐபோன் 16 விளம்பரங்களிலும் அது இடம்பெற்றது. 2025 மார்ச்சில், இன்னும் காலம் பிடிக்கும் என்று அதே நிறுவனம் சொன்னது. அதனால், கடையில் இன்று இயங்குகிற வசதிக்கு மட்டும் விலை போடுங்கள். 'விரைவில்' என்று எழுதியிருப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பழசானது போனா, பேட்டரியா?

"போன் ஸ்லோ ஆயிட்டு, மாத்தணும்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டும். பேட்டரி நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. எதிர்ப்பு கிளம்பவே, 2018-ல் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 2019 ஜனவரியில் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று முதலீட்டாளர்களுக்கு டிம் குக் கடிதம் எழுதினார். ஐபோன் மாற்றுகிறவர்கள் குறைந்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டது! புது பேட்டரி போட்டதும் பழைய போனே போதும் என்று எத்தனையோ பேருக்குத் தோன்றியிருக்கிறது.

நம் நாட்டிலும் 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்ப்பு, உதிரிபாகம் பற்றிய விவரங்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன. போனைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை பார்க்கலாம்.

மாசம் ரெண்டாயிரத்தி ஐந்நூறு

தம்பிக்கு இந்தத் தொகை சின்னதாகத் தெரிகிறது. கூட்டினால் அவனுடைய மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். அவன் தவணையை முடிக்கும் மாதத்தில் அந்த போனே இரண்டு மாடல் பழசாகியிருக்கும். இன்று சொன்ன அதே 'பழசுல்லா' அன்றும் வரும். அடுத்த தவணை தொடங்கும்.

'வட்டியில்லாத் தவணை' என்பார்கள். ஜீரோ சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும்: பிராசஸிங் கட்டணத்தில், அல்லது முழுப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போவதில். போன் விலையிலேயே 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

படத்துக்குள் தெரிந்த படகுகள்

அன்று காலை தம்பி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சூரியனுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள். சின்னமுட்டம் பக்கத்திலிருந்து கடலுக்குப் போன படகுகள். இந்த மாவட்டத்தில் ஒரு புது வசதிக்காக உண்மையிலேயே காசு செலவழிக்கலாம் என்றால், அந்தப் புள்ளிகளுக்காகத்தான்.

2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. கரையை விட்டு ஓரளவு தூரம் போனதும் எந்த போனிலும் சிக்னல் இருக்காது, விலை பத்தாயிரமானாலும் ஒரு லட்சமானாலும். பலர் திரும்பவே இல்லை.

செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி 2022-ல் ஐபோன் 14-உடன் வந்தது. ஆனால் முதலில் கிடைத்தது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்தான். இந்தியாவில் சாட்டிலைட் போனை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். உலக மேடையில் கைதட்டல் வாங்கும் வசதி நம்ம கடலில் இயங்குமா என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

நம்ம கடலுக்கு வந்த தீர்வு வேறு மாதிரியானது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோளிலிருந்து புயல், அலை எச்சரிக்கைகளை வாங்கி ப்ளூடூத் வழியாக மீனவரின் போனுக்குத் தரும். அடுத்து, இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான இருவழித் தொடர்பு டிரான்ஸ்பாண்டர்களை 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. மதிப்பு சுமார் 360 கோடி ரூபாய்.

ஜெமினி எச்சரிக்கையைப் படிக்கத் தேவை ப்ளூடூத் உள்ள ஒரு சாதாரண ஸ்மார்ட்போன்தான். உயிர் காக்கிற இந்த வசதிக்கு இந்த வருட மாடல் தேவைப்படவில்லை.

அப்போ எப்பதான் மாத்தணும்?

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று உண்மையானால் தாராளமாக மாற்றலாம்.

பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டால். ஜிபே, வங்கிச் செயலி எல்லாம் அந்த போனில்தானே இருக்கிறது? செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். புதிதாக வாங்கும்போதும் முதலில் இதைக் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 முதல் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக கூகுளும் சாம்சங்கும் அறிவித்திருக்கின்றன.

பழுதுபார்க்கும் செலவு, போனின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால்.

போன் கேமராதான் உங்கள் பிழைப்பு என்றால். கல்யாண ரீல்ஸ் எடுப்பவர், யூடியூப் நடத்துபவருக்கு இது முதலீடு. வருமானத்தோடு கணக்குப் போட்டு வாங்கலாம்.

இப்போதைய போனால் முடியாத, தினமும் தேவைப்படுகிற ஒரு வேலை இருந்தால். அதை ஒரே வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். 'கேமரா நல்லாருக்கும்' என்பது கணக்கில் வராது.

இந்த நான்கிலும் அடங்காமல், ஆசைக்காக வாங்குகிறீர்களா? உங்கள் காசு, உங்கள் விருப்பம். கடன் இல்லாமல் வாங்குங்கள்.

தம்பி கதைக்கு வருகிறேன். அன்று அவன் போனை வாங்கி லென்ஸைப் பார்த்தேன். உப்புக்காற்று படிந்து, விரல் ரேகையும் சேர்ந்து, பால் ஆடை மாதிரி இருந்தது. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அடுத்த படத்தில் வள்ளுவர் சிலை பளிச்சென்று விழுந்தது.

"கொள்ளாமே எக்கா" என்றான். மறுவாரம் பேட்டரியையும் மாற்றிவிட்டான். புது மாடல் ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். "அது எப்படி போகும்? ஆனா தவணைக்கு வச்ச ரெண்டாயிரத்தி ஐந்நூற தபால் ஆபீஸ் ஆர்டில போட்டிருக்கேன். அடுத்த வருஷம் பாப்போம்" என்றான்.

பார்க்கட்டும். அடுத்த வருடமும் ஒரு புது மாடல் வரும். சூரியன் அதே அரை டிகிரியில்தான் உதிக்கும்.