பள்ளி திறக்கும் முன் கூரையைப் பாருங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டும் சமயத்தில் பெற்றோருக்கு ஒரு நோட்டீஸ் வரும். தேர்ச்சி விவரம், விடுமுறை நாட்கள், மீண்டும் திறக்கும் தேதி எல்லாம் அதில் இருக்கும். எட்டாம் வகுப்பை முடித்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்க என்றைக்கு வர வேண்டும் என்பதுகூட இருக்கும். அநேகமாக இல்லாத விஷயம் ஒன்றுதான்: கட்டடம். எந்த அறை ஒழுகுகிறது, எது இடிக்கப்படப் போகிறது, பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பு எங்கே உட்காரும் என்பதெல்லாம் தலைமை ஆசிரியருக்கும் அரசு என்ஜினீயருக்கும் இடையிலான கோப்பு விவகாரமாகவே கருதப்படுகிறது.

அந்தக் கோப்பில் இருப்பது குழந்தைகளின் உயிர் என்பது 2025 ஜூலை 25 அன்று தெரிந்தது. ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் பிப்லோடி கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதி காலை நேரத்தில் இடிந்து விழுந்தது. ஏழு குழந்தைகள் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தன. பள்ளிகளின் பாதுகாப்பைத் தணிக்கை செய்யும்படி மத்திய கல்வி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் சுமார் 86,000 வகுப்பறைகள் பழுதடைந்திருப்பதாகக் கணக்கு வந்தது. அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அறைகள் காலியாகக் கிடக்கும் மே, ஜூன் மாதங்களில் எடுத்திருக்க வேண்டிய கணக்கு இது. குழந்தைகள் உள்ளே வந்த பிறகு, மழையும் தொடங்கிய பிறகு எடுக்கப்பட்டது.

தமிழர்களுக்கு ஜூலை மாதம் இன்னொரு பள்ளியையும் நினைவுபடுத்தும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே நெருப்பு, இங்கே இடிபாடு. காரணங்கள் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் கூரை ஆபத்தானது என்பது ஒரே நாளில் முளைத்த விஷயம் அல்ல. இரண்டு கூரைகளுக்குக் கீழேயும் ஒரு கோடை விடுமுறை வெறுமையாகக் கழிந்திருந்தது.

ஏன் இப்படி? இந்தியப் பள்ளிகளுக்கு இரண்டு காலண்டர்கள். ஒன்று மாணவனுடையது, அதில் கோடை விடுமுறைதான் நீண்ட இடைவெளி. மற்றது கருவூலத்துடையது. நிதி ஆண்டு ஏப்ரல் 1 அன்று பிறக்கிறது. அதன் பிறகு திட்ட ஒப்புதல், மாநிலத்துக்கு முதல் தவணை, எஸ்டிமேட், டெண்டர், வேலை உத்தரவு. இத்தனை படிகளையும் பணம் தாண்டி வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடுகிறது, பருவமழையும் வந்துவிடுகிறது. காஷ்மீரிலும் லடாக்கிலும் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நீண்ட விடுமுறை குளிர்காலத்தில். பள்ளி காலியாக இருக்கும், ஆனால் உறைபனியில் கான்கிரீட் வேலை ஓடாது.

பள்ளியின் கையிலேயே இருக்கும் பணம் எவ்வளவு? சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 31 முதல் 100 பேர்வரை படிக்கும் பள்ளிக்கு விதிப்படி ஆண்டுக்கு ரூ. 25,000. 250 பேர்வரை இருந்தால் ரூ. 50,000. மின்கட்டணம், குடிநீர், உடைந்த பொருட்களை மாற்றுவது எல்லாம் இதற்குள்தான். பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். மிச்சத்தில் மொட்டை மாடித் தண்ணீர் வெளியேறும் குழாயின் அடைப்பை நீக்கலாம், சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கலாம், விரிசலைப் பூசலாம். இவை அற்ப வேலைகள் அல்ல. தேங்கும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு கம்பியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் காரை பெயர்ந்து விழுகிறது. ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டிய கூரைக்கு ரூ. 25,000 உதவாது.

அப்போது புதுத் தளம் போட வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் அளக்கிறார்கள். அகலமான தளத்துக்குக் கீழே முட்டுகளையே இரண்டு வாரம் எடுக்கக் கூடாது. பழைய கூரையை இடித்து அப்புறப்படுத்தி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டும் நாட்களையும் சேர்த்தால் 45 நாள் விடுமுறை ஏறக்குறைய தீர்ந்துவிடும். விடுமுறையின் முதல் வாரத்தில் ஆள் இறங்கினால்தான் உண்டு. திறப்பதற்குப் பத்து நாள் முன்பு வேலையை ஆரம்பிக்கும் பள்ளி, ஒன்று முட்டுகளுக்கு நடுவில் வகுப்பு நடத்தும். இல்லையென்றால் மரத்தடியில் நடத்தும்.

ஆறு முதல் எட்டுவரை உள்ள வகுப்புகளுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. தொடக்கப் பள்ளியைத் தரம் உயர்த்தி நடுநிலைப் பள்ளி ஆக்கும்போது மூன்று வகுப்புகள் கூடுகின்றன. அறைகள் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையாவது வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது 2009ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம். நெருக்கடியில் பழைய, பூட்டி வைத்த அறை மறுபடி திறக்கப்படுகிறது. கழிப்பறை பழுதுபார்க்கப்படும் மாதங்களில் பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வீட்டில் இருந்துவிடுவதுதான் அவர்களுக்குச் சுலபமான வழி. அப்படி நின்றவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை.

இரண்டு காலண்டர்களையும் ஓரளவு இணைத்திருக்கும் மாநிலம் கேரளம். ஜூனில் பள்ளியும் மழையும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், திறக்கும் முன்பே உள்ளாட்சி அமைப்பின் என்ஜினீயரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் காகிதம் மட்டும் காப்பாற்றாது. 2025 ஜூலை 17 அன்று கொல்லம் மாவட்டப் பள்ளி ஒன்றில், கொட்டகைக் கூரையில் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய எட்டாம் வகுப்பு மாணவன் மேலே சென்ற மின்கம்பியில் அடிபட்டு இறந்தான். சான்றிதழில் கையெழுத்து போடுகிறவர் மொட்டை மாடிவரை ஏறிப் பார்க்க வேண்டும். மேலே போகும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு இதில் உரிமை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்களாகவோ பாதுகாவலர்களாகவோ இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது குழுவின் வேலை. ஏப்ரலில் பிறக்கும் நிதி ஆண்டில் பணம் வர வேண்டுமானால் இடிய வேண்டிய அறை டிசம்பரிலேயே அந்தத் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயம் இல்லை. ஆனால் கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும்: கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடக்கம்.

அதனால் கடைசி நாள் நோட்டீஸில் இன்னும் நான்கு வரிகள் சேர்ந்தால் போதும். எந்த அறைகள் பூட்டப்படுகின்றன. என்ன வேலை, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும். முடியாவிட்டால் எந்த வகுப்பு எங்கே நடக்கும். கட்டடத்தைக் கடைசியாகப் பார்த்த என்ஜினீயர் என்ன எழுதினார். ஒரு பள்ளி இதை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், திறக்கும் நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் கேட்கலாம்: “ஐயா, இந்த அறையைப் பூட்டுவதாகத்தானே எழுதியிருந்தீர்கள்?”