அம்மன் கோயிலுக்கு நிலப்பட்டா உண்டா?



மலாக்காவுக்குப் போனால் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. சற்று நடந்தால் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதையும் தாண்டினால் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். பாங்கோசையும் மணியோசையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாகக் கேட்கும் இடம் அது.

அந்த விநாயகர் கோயில் நிலைத்ததற்குப் பக்தி மட்டுமா காரணம்? இல்லை. அன்றைய டச்சு அரசு கொடுத்த நிலத்தில் அது எழுந்தது.

நம் தோட்டக் கோயில்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனை வைத்தார்கள். துரை தலையாட்டினார், காகிதம் யாரும் கேட்கவில்லை. பிறகு தோட்டம் கைமாறியது, வீடமைப்புத் திட்டம் வந்தது. ஒரே நாளில் அம்மன் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிட்டாள்!

பட்டணத்திலும் இதே கதைதான். கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா அருகே இருந்த பத்ரகாளியம்மன் கோயில் நூறாண்டு கடந்தது. அதன் நிலத்தை மாநகர் மன்றம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. அங்கே பள்ளிவாசல் கட்டும் திட்டம் வந்ததும், 2025இல் கோயிலை அருகிலேயே வேறு இடத்துக்கு மாற்ற முடிவானது.

இதைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரரோடு சண்டையாக்காதீர்கள். இஸ்லாம் கூட்டரசின் சமயம், பிற சமயங்களையும் அமைதியாகப் பின்பற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 3ஆம் விதி. சமயக் குழுக்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே நிர்வகிக்கவும், சட்டப்படி சொத்து வைத்திருக்கவும் 11ஆம் விதி உரிமை தருகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. நம் கையில் பட்டா இல்லை. சிக்கல் அங்கேதான்.

ஆகவே இந்த வாரமே உங்கள் ஆலய நிர்வாகத்திடம் கேளுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது? பழைய திருவிழா நோட்டீஸ், படங்கள், மின்சார பில், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் எல்லாவற்றையும் திரட்டி நகல் எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நிலம் விலைபோகும் முன்பே நில அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

மண்வாரி இயந்திரம் வந்த பிறகு அழுது பயனில்லை. வரலாறு நம்மிடம் இருக்கிறது. அதற்குக் காகிதம் சேர்ப்போம்!