டெக்கில் கரண்ட் ஏறவில்லையா?

"கல்யாண வீட்டுக் கசெட் பத்திரமாக இருக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் டெக் வேலை செய்யவில்லை" என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே பல. யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதியன்று. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி விடுதலைப் புலிகள் அவர்களை ஒஸ்மானியாக் கல்லூரியில் கூடச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சோனகத் தெரு வீடுகளில் இருந்த படங்களும் கசெட்டுகளும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டன. அதற்கு முன்பே வெளியூர் உறவினர் கைக்குப் போன பிரதி ஒன்று பிழைத்திருந்தால், அந்த வீட்டு முற்றமும் மௌத்தாகிப் போன உம்மம்மாவின் குரலும் இன்று அதில் மட்டுமே இருக்கக்கூடும்.

புது டெக் வாங்கிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை. கடைசிவரை வீ.சீ.ஆர். செய்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகையால் வீட்டிலிருக்கும் பழைய டெக்கைச் செத்தது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கரண்ட் ஏறாத டெக்கில் பழுது பெரும்பாலும் மின்வழங்கும் பகுதியில்தான், அதாவது பவர் சப்ளையில்தான் இருக்கும். அநேகமாக அது சிறு செலவில் திருத்தக்கூடியது.

முதலில் வெளியே பாருங்கள்

அதே பிளக் பொயின்றில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பொயின்றில் குறையில்லை. சதுர முள் பிளக்கானால் அதனுள்ளே ஒரு சிறு பியூஸ் உண்டு. அதை மாற்றிப் பாருங்கள். டெக்குக்கு 3 அம்பியர் பியூஸ் போதும். வயர் கழற்றக்கூடியதாயின், அதே மாதிரியான நல்ல வயர் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டெக்கானால் பின்புறத்தில் 110, 220 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கலாம். அது 220 பக்கம் இருக்க வேண்டும்.

இன்னொன்று: முகப்பில் சிறு மணிக்கூட்டு அடையாளம் எரிகிறதா? அப்படியானால் டைமர் போடப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் பல டெக்குகள் பவர் பட்டனுக்கு அசையா. டைமர் பட்டனை ஒருமுறை அழுத்தினாற் போதும், பழுதே இல்லை என்பது தெரிந்துவிடும்.

டெக் சொல்லும் அடையாளங்கள்

வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லையென்றால், உள்ளிருக்கும் பியூஸ் அல்லது பவர் சப்ளையின் முற்பகுதி போயிருக்கலாம்.

"டிக், டிக்" என்ற மெல்லிய சத்தம் கேட்டு, முகப்பு விட்டுவிட்டு மின்னினால், பவர் சப்ளை கிளம்பப் பார்த்து முடியாமல் நின்றுவிடுகிறது என்று அர்த்தம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெக், கரண்ட் வெட்டுக்குப் பிறகு எழும்பவேயில்லையா? முதலுதை கொடுக்கும் சிறிய கப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் குறை வெளியே தெரியாது. ஒருமுறை நின்றால் மீண்டும் கிளம்பாது.

படம் ஓடுகிறது, ஆனால் மணிக்கூடு எரியவில்லையென்றால், முகப்புக்குப் போகும் மின்சாரம் மட்டும் தடைப்பட்டிருக்கலாம். படத்தில் குறுக்கே ஒரு பட்டை மெல்ல நகர்ந்து, கூடவே உறுமலும் கேட்டால், அதுவும் கப்பாசிட்டர் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

ஆனால் டெக் ஓன் ஆகி, உள்ளே மோட்டார் சுற்றி, சில விநாடிகளில் தானாக நின்றால், பெல்ட்டையோ பொறியையோ சந்தேகிக்கலாம். பவர் சப்ளையை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

ஏன் இப்படி?

கப்பாசிட்டர் என்பது உள்ளே ஈரப்பசையுள்ள ஒரு சிறு அலுமினியக் குப்பி. சூடு பட்டால் அந்த ஈரம் வற்றும். 10 பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழில்நுட்பவியலாளர் கணக்கு. டெக்கை நிறுத்தினாலும், பிளக்கில் இருக்கும்வரை பவர் சப்ளை சுட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் பூவேலைத் துணி விரித்துக் காற்றுத் துவாரங்களை மூடினால் கேட்கவா வேண்டும்! சும்மா கிடந்த டெக்குக்கும் இந்தக் கேடு உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காகக் கரண்ட் இருக்கவில்லை. பல டெக்குகள் மூலையில் முடங்கின. சில ஜெனரேட்டரில் ஓடி, ஏறி இறங்கும் வோல்ட்டில் அடிபட்டன.

மூடியைத் திறக்க வேண்டாம்

வீட்டு 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்டதாக மாறிப் பெரிய கப்பாசிட்டரில் தங்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் நிற்கலாம், தொட்டால் உயிராபத்து. பிள்ளைகளையோ கைப்பழக்கமில்லாத தம்பிமாரையோ திறக்க விடாதீர்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றுவது வீட்டுக்கே தீ வைப்பதாகும். பியூஸ் கறுத்துப் போயிருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட் ஆகியிருக்கலாம். புதிது போட்டாலும் அதே கதிதான்.

திருத்துபவரிடம் கொடுக்கும்போது மேலே கண்ட அடையாளங்களில் எதைக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். "முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள், சிறிய கப்பாசிட்டர்களை ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்" என்று கேளுங்கள். கசெட் உள்ளே அகப்பட்டிருந்தால் இழுக்காமல், அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

டெக் திரும்பி வந்ததும் ஆவலில் நிக்காஹ் கசெட்டைப் போட்டுவிடாதீர்கள். நாடா போனாலும் கவலையில்லாத பழைய கசெட் ஒன்றை முழுமையாக ஓட்டிப் பாருங்கள். நாடாவில் வெண்பூஞ்சணம் கண்டால் போடவே வேண்டாம். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எல்லாம் சரியென்றால், முதல் ஓட்டத்திலேயே கணினியில் பிரதியெடுத்து, ஒன்றை உங்களிடமும் இன்னொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். 1990இல் சில குடும்பங்களின் நினைவைக் காத்தது வேறோர் ஊரில் இருந்த பிரதிதான்.