“நாங்கள் குழந்தைகளல்ல!”

துப்பாக்கி வெடிக்கவில்லை. தூக்குமேடை எழவில்லை. மாளிகை எதுவும் கொளுத்தப்படவில்லை. மக்கள் சதுக்கத்திலே கூடினார்கள்; சட்டைப் பையிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து ஆட்டினார்கள். “மணி அடித்துவிட்டது, வீட்டுக்குப் புறப்படுங்கள்” என்று ஆளவந்தாருக்குச் சொன்ன சாவியோசை அது! நாற்பத்தோராண்டு கோலோச்சிய கொற்றம் ஆறே வாரத்தில் சரிந்தது. கதையல்ல தோழர்களே, 1989-ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாகியாவிலே நடந்த வரலாறு.

“வீழ்ந்தது பாட்டாளியின் பெயரால் நடந்த ஆட்சியாயிற்றே! அப்படியானால் வீழ்த்தியவன் முதலாளிதானே?” என்று நம்மிடையே கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். விடை வேண்டுமானால் பிராக் நகரத்து ஆலை வாயிலுக்குப் போக வேண்டும்.

முதலில் உண்மையொன்றை மறைக்காமல் சொல்வோம். அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சி ஒரு காலத்திலே மக்களின் மதிப்பைப் பெற்றிருந்த கட்சி. நாஜிகளை எதிர்த்து நின்ற கட்சி. 1946 தேர்தலிலே நூற்றுக்கு 38 வாக்கு பெற்று முதலிடம் கண்ட கட்சி. அந்த மதிப்பையே மூலதனமாக்கி, 1948 பிப்ரவரியிலே ஆட்சி முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. பிறகு? மற்றக் கட்சிகள் பெயரளவில் இருந்தன, பேச வாயில்லை. ஏடுகள் வந்தன, எழுத உரிமையில்லை. தேர்தல் நடந்தது, தேர்ந்தெடுக்கத்தான் வழியில்லை!

இந்த ஆட்சியின் அடி தொழிலாளி மீதும் விழுந்தது. 1953 ஜூன் முதல் நாள் நாணய மாற்றம் வந்தது. ஒருவர் கையிலிருந்த ரொக்கத்தில் முதல் 300 கிரௌனுக்கு மேற்பட்டதெல்லாம் ஐம்பதுக்கு ஒன்றாகச் சுருங்கியது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் ஓரிரவிலே காற்றாய்ப் பறந்தது. பில்சன் நகரத்து ஸ்கோடா ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆலைக்கு அப்போது லெனின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. வாயிலிலே லெனின் பெயர். தொழிலாளி முதுகிலே அடி! நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள்.

1968-ல் கட்சிக்குள்ளிருந்தே ஒரு நல்ல குரல் எழுந்தது. அலெக்சாண்டர் டூப்செக், மனித முகங்கொண்ட சோஷலிசம் வேண்டுமென்றார். ஆகஸ்டு 20 இரவு சோவியத் டாங்கிகளும் அதன் கூட்டாளிகளின் படைகளும் நாட்டுக்குள் புகுந்தன. டூப்செக் பதவியிழந்தார், பிறகு வன நிர்வாகத்திலே வேலை பார்த்தார். ஆட்சி தானே ஒப்பமிட்ட மனித உரிமைகளைக் காப்பாற்ற வேண்டுமென்று 1977-ல் ‘சாசனம் 77’ கேட்டது. அதற்காக நாடகாசிரியர் வாக்ளாவ் ஹாவெல் சிறை சென்றார். பத்திரிகையாளர் டீன்ஸ்ட்பியர் கொதிகலனுக்குத் தீ மூட்டிப் பிழைத்தார். பேனா பிடித்த கையிலே கரித்துடுப்பு! உழைப்பைத் தெய்வமென்று பாடிய ஆட்சி, உழைப்பையே தண்டனையாக்கியது.

1989 நவம்பர் 17. ஐம்பதாண்டுக்கு முன் அதே நாளில் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி, மாணவர் தலைவர்களைக் கொன்றார்கள். அந்த நினைவுநாளில் ஊர்வலம் வந்த மாணவர்களை, பிராக் நகரின் நாரோட்னி சாலையிலே போலீசார் வளைத்துக்கொண்டு அடித்தார்கள். வெறுங்கையைக் காட்டி நின்ற பிள்ளைகளுக்குத் தடியடி! மறுநாள் மாணவரும் நாடக நடிகரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். நவம்பர் 19-ல் ஹாவெலும் தோழர்களும் ‘குடிமக்கள் மன்றம்’ கண்டனர். ஸ்லோவாகியப் பகுதியிலே ‘வன்முறைக்கு எதிரான மக்கள்’ என்ற அமைப்பு எழுந்தது.

ஆனாலும் ஆளவந்தாருக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. “மாணவன் கத்துவான், நடிகன் முழங்குவான். தொழிலாளி நம் பக்கம்!” அந்த நம்பிக்கையோடு நவம்பர் 23-ல் பிராக் கட்சித் தலைவர் ஷ்டெபான், சி.கே.டி. ஆலைக்குச் சென்றார். எந்த நாட்டிலாவது பதினைந்து வயதுப் பிள்ளைகள் தலைவர்கள் போவதையும் வருவதையும் முடிவு செய்வதுண்டா என்று கேட்டார். ஆலை முற்றத்திலிருந்து பதில் இடியென வந்தது: “நாங்கள் குழந்தைகளல்ல!” ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஆலையைவிட்டு வெளியேறி வென்செஸ்லாஸ் சதுக்கம் நோக்கி நடந்தார்கள்.

கேள்வி கேட்ட தோழரே, உமக்கான விடை இதுதான். ஆட்சியின் அடித்தளம் பெயர்ந்தது அந்த முற்றத்திலே!

மறுநாளே பொதுச் செயலாளர் யாகேஷும் தலைமைக் குழுவும் விலகினர். நவம்பர் 27 நண்பகல் 12 முதல் 2 மணி வரை நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம். 29-ல் கட்சிக்குத் தனித் தலைமை வழங்கிய அரசியல் சட்டப் பிரிவை நாடாளுமன்றமே நீக்கிற்று. டிசம்பர் 10-ல் புதிய அமைச்சரவை. கொதிகலன் காத்த டீன்ஸ்ட்பியர் வெளிநாட்டமைச்சர்! டிசம்பர் 29-ல் ஹாவெல் குடியரசுத் தலைவர். அதே ஆண்டு மே மாதம் வரை சிறையிலிருந்தவர் அவர்.

டாங்கி ஏன் வரவில்லை? கோர்பசேவின் மாஸ்கோ அனுப்ப விரும்பவில்லை. போலந்தும் ஹங்கேரியும் முன்பே வழி திறந்துவிட்டன. நவம்பர் 9-லேயே பெர்லின் சுவர் வழிவிட்டது. இவற்றையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் உள்ளூரிலேயே கட்சிக்கென்று ஆலைதோறும் ஆயுதம் தாங்கிய ‘மக்கள் படை’ இருந்ததே! பிராகுக்கு அழைத்தார்கள்; களத்திலே இறக்கத் துணியவில்லை. ஒன்றரைக் கோடி மக்களிலே சுமார் 17 லட்சம் பேர் கட்சி உறுப்பினர். அத்தனை லட்சம் அட்டைகள் இருந்தும் அரணாக எழுந்து நிற்க ஆளில்லை! பதவிக்காகவும் வேலைக்காகவும் வாங்கிய அட்டை பையிலே இருக்கும், நெஞ்சிலே இராது.

1990 ஜூனில் சுதந்திரத் தேர்தல். நூற்றுக்கு 96 பேர் வாக்களித்தனர். பொதுவுடைமைக் கட்சிக்குக் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 13. மக்கள் மனம்விட்டு வாக்களித்த முந்தைய தேர்தலிலே 38, இப்போது 13. இடையிலே கழிந்த 44 ஆண்டுகளின் கணக்கு அதுதான்.

அதன்பின் தேனாறு ஓடிற்றா? இல்லை. ஆலைகள் தனியார் கைக்குப் போயின. சி.கே.டி.யே பின்னாளில் நொடித்துச் சிதறியது. முதலாளித்துவம் தொழிலாளிக்குப் பந்தல் போட்டுப் பரிமாறவில்லை. ஆனால் குறையைக் கூவிச் சொல்ல வாய் கிடைத்தது, கொடியைத் தானே தேர்ந்துகொள்ள உரிமை கிடைத்தது, பிடிக்காத ஆட்சியை வாக்குச் சீட்டாலே இறக்க வழி கிடைத்தது. சோற்றுக்காக உரிமையை விற்கச் சொல்பவன், நாளை சோற்றையும் எடுத்துக்கொள்வான். பில்சன் தொழிலாளிக்கு அது தெரியும்.

கட்சி நடத்தும் நாம் இதைக் கருத்திலே கொள்ள வேண்டும். மக்கள் பெயரைச் சொல்லி மேடையேறுவது எளிது. மக்கள் முணுமுணுப்பைக் கேட்கக் காது வேண்டும். எதிர்ப்பவரை இல்லாமல் செய்த கட்சிக்குத் தன் குறையைச் சொல்ல ஆளிருக்காது. “இவர்கள் குழந்தைகள், நமக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று எந்தக் கட்சி எண்ணத் தொடங்குகிறதோ, அந்தக் கட்சிக்காக எங்கோ ஓர் ஆலை முற்றத்திலே அதே பதில் காத்திருக்கிறது!