காலம் கடந்ததென்று கைவிடலாமா?



இலங்கையின் 'சண்டே லீடர்' பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பை அடுத்த அத்திடியவில் கொல்லப்பட்டார். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்துத் தடயம் எங்கே கிடைக்கும், பழைய காயத்தைக் கிளறுவானேன் என்கிறார்கள் சிலர். ஆனால், ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2016-ல் உடலைத் தோண்டியெடுத்துச் செய்த மறுபரிசோதனைதான், துப்பாக்கிச் சூட்டால் இறந்தார் என்ற முதல் அறிக்கையையே கேள்விக்குள்ளாக்கியது. அப்படியானால், உண்மையை மறைத்த பழியைக் காலத்தின்மேல் போட முடியாது. தொடக்க விசாரணைதான் பதில் சொல்ல வேண்டும். லசந்தவின் மகள் அகிம்சா அமெரிக்க நீதிமன்றத்தையும் ஐ.நா. மனித உரிமைக் குழுவையும் நாடியதைப் பழிவாங்கல் என்பது அநியாயம். உள்நாட்டில் கதவு திறந்திருந்தால் அவர் ஏன் கடல் கடந்து போகிறார்? தண்டிக்கப்படாத ஒரு கொலை, எழுதும் ஒவ்வொரு கையையும் நடுங்க வைக்கும். சுயாதீனமான விசாரணையும் தீர்ப்பும் வந்தால்தான் அந்தக் காயம் ஆறும்.

– ஒரு வாசகர்