தைரியம் மட்டும் போதுமா?



படிப்பை முடித்து வேலைக்குப் போகும் கறுப்பினப் பெண்ணுக்கு அமெரிக்காவில் புத்தி சொல்ல ஆளுக்குக் குறைவே இல்லை. 'தைரியமாப் பேசு, பளிச்சுன்னு டிரஸ் பண்ணு, சிரிச்ச முகமா இரு.' இன்டர்வியூ என்றால் நமக்கும் இதே பாட்டுத்தான், காது புளித்துப்போச்சு! உள்ளே போகிறவளுக்குத் தைரியம் வேணும், சரி. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு யார் புத்தி சொல்வது?

மேரி ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1942லேயே கணக்கிலும் பௌதிக அறிவியலிலும் பட்டம் வாங்கியவர். ஆனால் 1951ல்தான் வர்ஜீனியாவில் உள்ள லாங்லி விமான ஆராய்ச்சிக் கூடத்தில் கணக்குப் போடும் வேலையில் சேர்ந்தார். கறுப்பினப் பெண்களுக்கு அங்கே தனிப் பிரிவு. இரண்டு வருடம் கழித்து சார்னெக்கி என்ற இன்ஜினியர் அவரைத் தன்னுடைய விண்ட் டனலுக்கு அழைத்துக்கொண்டார். நாலடிக்கு நாலடி டனல், ஓட்டுவதற்கு 60,000 குதிரைத்திறன். (நம்ம லேப் பம்ப்பை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.) வெறும் டேபிள் நிரப்பும் வேலை தராமல் கையாலேயே சோதனை செய்ய விட்டார். இன்ஜினியர் பயிற்சிக்குச் சேரச் சொன்னதும் அவரே.

சேருவதற்குத்தான் பெரும்பாடு. மாலை வகுப்பு நடந்த உள்ளூர்ப் பள்ளி வெள்ளையர்களுக்கு மட்டுமானது. அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து படிக்க ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டார், கிடைத்தது, படித்தார். 1958ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் இன்ஜினியர் ஆனார்.

அவருடைய மூளை 1942லும் அதேதான், 1958லும் அதேதான். நடுவில் மாறியது என்ன? மேலே இருந்த ஒருத்தர் வாயைத் திறந்தார், ஒரு அலுவலகம் அனுமதி கொடுத்தது. உதவி என்று நான் சொல்வது இதைத்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் 1964க்கு முன் அவர்களைப் போன்றவர்களை எடுக்கவே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே! பெண்களை எடுத்திருக்கிறார்களே என்று 1976ல் கோர்ட் கேட்டது. எடுத்தது வெள்ளைக்காரப் பெண்களை. கறுப்பு, பெண் என்ற இரண்டையும் சேர்த்துத் தனி வகையாகப் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகாத தீர்ப்பு இது.

2004ல் வெளியான ஓர் ஆய்வு. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் (பெயரைப் பாருங்கள், நம்ம பெயர்!) இருவரும் பாஸ்டன், சிகாகோ கம்பெனிகளுக்குச் சுமார் 5000 பயோடேட்டா அனுப்பினார்கள். தகுதி ஒன்றுபோல, பெயர் மட்டும் வேறு. எமிலி மாதிரிப் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு, லகீஷா மாதிரிப் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்று. தைரியமாகப் பேசலாம்தான், கூப்பிட்டால்! தலைமுடியைப் பிறந்த மாதிரியே வைத்துக்கொண்டு வேலைக்கு வருவதற்குக்கூடக் கலிபோர்னியாவில் 2019ல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

'அது அவங்க ஊர் விவகாரம்டா' என்று ஹாஸ்டலில் ஒருவன் சொன்னான். இருக்கட்டும். டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் வெளிநாட்டு ஷாப் ஃப்ளோரிலும் நிற்போம். அங்கே புதிதாக வந்து சேரும் அந்தப் பெண்ணுக்கு டேபிளைக் கொடுப்போமா, டனலைக் கொடுப்போமா?

மேரி ஜாக்சனைப் பற்றி இன்னொன்று. இன்ஜினியர் வரிசையில் எட்ட முடிந்த உயரத்தை எட்டியபின், 1979ல் பதவியில் இறங்கி வேறு வேலைக்குப் போனார். லாங்லியில் பெண்களை வேலைக்கு எடுப்பதையும் அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பதையும் கவனிக்கும் வேலை. 1985ல் ஓய்வு பெறும்வரை அதைத்தான் பார்த்தார்.